மாமா போட்ட கெட்டி ஸ்பிரிங்

அப்பாவின் வண்டி மேம்பாலத்தில் ஏற மறுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போனது. சின்ன எஞ்சின் வண்டி அது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் வேண்டுமானால் ஒரு குழந்தை என்று நினைத்துத்தான் அதைச் செய்தவர்கள் செய்திருப்பார்கள். திருப்பூரில் அப்படி நினைத்து யாரும் வண்டி வாங்குவதில்லை. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் டெலிவரி வேலை பார்த்தார். வெட்டின துணிகளை நல்லூரில் மூட்டை கட்டி, நெருப்பெரிச்சல் பக்கம் இருக்கிற தையல் யூனிட்டுகளில் கொண்டுபோய் இறக்க வேண்டும். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு மூட்டை, பின்னால் ஆள் உயரத்துக்கு மூட்டைகள். தூரத்திலிருந்து பார்த்தால் மூட்டைகள் தாமாகவே ரோட்டில் போவது போலிருக்கும். நடுவில் அப்பாவின் தலை மட்டும் தெரியும்.

அன்று பாலத்தில் பாதி ஏறியதும் எஞ்சின் கத்தியதாம். வண்டி மட்டும் நகரவில்லையாம். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி திட்ட, அப்பா இறங்கி மூட்டைகளோடு வண்டியைத் தள்ளியே பாலத்தைத் தாண்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் இதைச் சொன்னார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா வண்டியைத் தள்ளினார் என்பது எனக்கு ஏதோ மானக்கேடு போலத் தோன்றியது.

வண்டிக்கு வைத்தியம் பார்க்க மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. நெருப்பெரிச்சலில் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டு, கூட வேலை செய்கிற பையன்களோடு ஒரு அறையில் தங்கியிருந்தார். மிஷின் ஓட்டுவது வயிற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய வண்டியையாவது கழற்றி மாட்டுவது மனசுக்கு. கழற்றிய வண்டிகளில் பெரும்பாலானவை திரும்பவும் ஓடின.

"கிளட்ச் சிலிப் ஆகுதுங்க மச்சான். ஸ்பிரிங்கு தளந்து போச்சு. இதே அளவுல கெட்டி ஸ்பிரிங்கு கோயமுத்தூர்ல கெடைக்குது. அதப் போட்டா மலையே ஏறுமுங்க."

"மலையெல்லாம் நமக்கு எதுக்குங்க மாப்ள? பாலம் ஏறுனாப் போதும்," என்றார் அப்பா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கை விரித்து மாமா வேலையைத் தொடங்கினார். பழைய பேசினில் ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, எஞ்சினின் வலது பக்க மூடியைத் திறந்தார். உள்ளே எண்ணெய் மினுங்க வட்டத் தட்டுகள் அடுக்கியிருந்தன. கழற்றின போல்ட்டுகளை ஒரு தட்டில் வாங்கி வைப்பது என் வேலை. மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து எனக்குப் பாடம் எடுத்தார்.

"இந்தத் தட்டுக ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் எஞ்சின் சுத்தறது சக்கரத்துக்குப் போகும் கண்ணு. அதுகள நெருக்கிப் புடிச்சுக்கறது இந்த ஸ்பிரிங்கு. நாம லீவரப் புடிச்சா, ஸ்பிரிங்கோட மல்லுக்கட்டித் தட்டுகளப் பிரிக்கறோம். அவ்வளவுதான் கிளட்ச்சு."

பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். பழையது குன்றிப்போய் இருந்தது. புதியதன் கம்பி தடியாக, அழுந்தாத பிடிவாதத்தோடு நின்றது. உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். கையில் வட்டமாகத் தடம் பதிந்ததே தவிர அது அசையவில்லை.

மாட்டி முடித்ததும் அப்பா இடது கையால் லீவரைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "எருமக் கொம்பப் புடிச்சாப்ல இருக்குதுங்க மாப்ள."

"பழகிருமுங்க மச்சான்."

அன்று மதியம் மாமாவுக்குக் கோழிக்குழம்பு. அம்மா தன் தம்பியைப் பெருமையாகப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். மறுநாள் வண்டி பாலத்தை ஒரே மூச்சில் ஏறியது. வண்டிக்குப் பலம் வந்துவிட்ட செய்தி கம்பெனிக்கு எப்படித் தெரிந்ததோ, கூடுதலாக ஒரு மூட்டையைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினார்கள்.

பழகிவிடும் என்று மாமா சொன்னது மட்டும் நடக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அப்பாவின் இடது கை சோர்ந்து தொங்கும். அம்மா வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் கொடுப்பாள். கையை அதில் முக்கியபடி அப்பா டிவி பார்ப்பார். பிறகு தைலம். பிறகு யாரோ சொன்ன வேப்பெண்ணெய். காபி தம்ளர் ஒருமுறை கையிலிருந்து நழுவியது. காலையில் சட்டைப் பொத்தான்களை நான் போட்டுவிட வேண்டியதாயிற்று. எனக்கு அது பிடித்திருந்தது. அப்பா கழுத்தை நீட்டிக்கொண்டு என் உயரத்துக்குக் குனிவார். "ஸ்பிரிங்கு கைய வாங்கிருச்சு அம்மிணி," என்பார். தம்ளர் விழுந்தாலும் ஸ்பிரிங், பொத்தான் போடாவிட்டாலும் ஸ்பிரிங். எங்கள் வீட்டில் எல்லாப் பழியையும் தாங்குகிற அளவுக்கு அது கெட்டியாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் அப்பா விழுந்தார். சிக்னலில் கியரைப் போட்டு, லீவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். விரல்கள் தாமாக விட்டுவிட்டன. வண்டி துள்ளிப் பாய்ந்து முன்னால் நின்ற ஆட்டோவில் முட்டிச் சாய்ந்தது. முழங்காலில் தோல் உரிந்ததோடு அப்பா தப்பித்தார். மூட்டைகள் தப்பவில்லை. ஓடையோரத்துச் சேற்றில் அவிழ்ந்து, வெளிநாட்டுக்குப் போக வேண்டிய வெள்ளைத் துணிகள் எல்லாம் கறுத்துப்போயின. இனிக் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா போனை எடுத்தாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"உன்ற வெளையாட்டுக்கு என்ற ஊட்டுக்காரருதான் கெடச்சாராடா? அவரு லாரிக்கடியில போயிருந்தா நீ வந்து எனக்கு சோறு போடுவியா?"

அப்பா கட்டிலில் படுத்தபடி, "உடு, அவனென்ன பண்ணுவான்," என்று முனகினார். அம்மாவின் காதில் அது விழவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். கெட்டி ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்த பழையவற்றையே திரும்ப மாட்டினார். போல்ட்டை வாங்கிக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம். கதவுக்குப் பின்னால் நின்றபடி, அவர் ஒரு போல்ட் உருண்டோடியதை மண்ணில் தடவித் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பப் புடிச்சுப் பாருங்க மச்சான்."

அப்பா நொண்டிக்கொண்டே வந்து லீவரில் கை வைத்தார். "ம்… பூவாட்டம் இருக்குதுங்க மாப்ள."

மாமாவின் முகம் தெளிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அம்மா சாப்பிடச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவ வேண்டியதைவிட அதிக சத்தத்தோடு கழுவினாள். மாமா போய்விட்டார்.

காலையில் நான் பள்ளிக்கூட உடுப்பில் வெளியே வந்தபோது அப்பா வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். சாவி போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, இங்க வா. இந்த லீவரப் புடி பாக்கலாம்."

கெட்டி ஸ்பிரிங் இருந்தபோது இரண்டு கையாலும் தொங்கியும் எனக்கு அது பாதிகூட வந்ததில்லை. இப்போது இடது கையை மட்டும் வைத்து இழுத்தேன். கைப்பிடியைத் தொடும்வரை வந்தது.

"ஒத்தக் கையில புடிச்சுட்டனுங்கப்பா!"

"இன்னொருக்கா புடி."

பிடித்தேன்.

"கை வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா. பூவாட்டம் இருக்குதுங்க."

அப்பா என் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தார். லீவர் கொஞ்சம் வந்து, நின்று, பழைய இடத்துக்கே போனது. மறுபடியும் இழுத்தார். மறுபடியும் போனது. என்னை ஜெயிக்க வைப்பதற்காக நடிக்கிறார் என்று எனக்கு ஒரே சிரிப்பு. "ஏமாத்தாதீங்கப்பா," என்றேன். வாசல் தெளிக்க வாளியோடு வந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். அப்பா தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையை வலது கையால் தொட்டுப் பார்த்தார். அங்கே பள்ளமாக இருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ சாமி," என்றார்.

அதன் பிறகு பெரியாஸ்பத்திரி, அங்கிருந்து கோயமுத்தூர், ஊசிகளைக் குத்தி நரம்பைச் சோதிக்கிற ஒரு மிஷின். வாயில் நுழையாத ஒரு பெயரை டாக்டர் சொன்னார். கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து காலுக்கு, கடைசியில் நாக்குக்கு என்று அந்த நோய் அவசரமில்லாமல் ஏறியது. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அந்த நோய்க்கும் ஸ்பிரிங்குக்கும், மூட்டைக்கும், மேம்பாலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒவ்வொரு டாக்டரிடமும் அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்டுத் தெரிந்த பிறகும் கேட்டாள்.

அதெல்லாம் பின்னால். முதல் தடவை கோயமுத்தூர் போய்வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அம்மாவே மாமாவுக்குப் போன் பண்ணினாள். சாப்பிட வரச் சொன்னாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். மன்னிப்பு வாங்க வருகிறவர் மாதிரி வாசலிலேயே தயங்கினார்.

"வாங்க மாப்ள, உக்காருங்க," என்ற அப்பா, அவரைத் தன் பக்கத்தில் கட்டிலில் உட்கார வைத்துக்கொண்டு டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னார். மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார். கடைசியில், "உங்க ஸ்பிரிங்கு மேல ஒரு தப்பும் இல்லீங்க மாப்ள. என்ற கையிதான்," என்றார்.

மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இல்லீங்க மச்சான். ஸ்பிரிங்குதானுங்க. நாந்தான் தெரியாம ரொம்பக் கெட்டியாப் போட்டுட்டேன். அதுவாவே இருக்கட்டுமுங்க மச்சான்…" என்றவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தப்பு உன்னுடையது இல்லை என்று சொன்ன பிறகும் இவர் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. திட்டு வாங்கியதை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எல்லாரும் சேர்ந்திருக்கிற நாளில் இப்படி அழுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று வாசலுக்கு ஓடி, வண்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்தினேன்.

"மாமா, இங்க பாருங்க! நான் ஒத்தக் கையில புடிக்கறனுங்க! அப்பாவாலயே முடியல, நான் புடிச்சுட்டனுங்க!"

லீவரைப் பிடித்தேன், விட்டேன். பிடித்தேன், விட்டேன். உள்ளேயிருந்து ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா வெளியே வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக லீவரிலிருந்து எடுத்துவிட்டார்.

"போதும் கண்ணு," என்றார்.

கிளட்ச் கேபிள் அறுந்துவிடும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.