ஆறாவது பாட்டில் அடித்த போன்

பழவேற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே சுபஸ்ரீ ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பாள். பகலெல்லாம் கடையில் ஏதாவது பாடிக்கொண்டிருக்கும். மீன்பிடி தடைக்கால நிவாரணத்துக்கு எழுத வரும் பெரிசுகள், "இன்னா பாட்டும்மா இது, ஒரே இரைச்சலா கீது?" என்று முகம் சுளிப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஒலியைக் கொஞ்சம் குறைப்பாள். நிறுத்தமாட்டாள்.

பெரும்பாலும் அது 'தகரக் கொட்டகை' என்ற சென்னை ராக் குழுவின் ஆல்பம். பெயர் 'மூன்றாம் மாடி'. ஒன்பது பாட்டு. நான்கு பேர் சேர்ந்து போட்ட ஒரே ஆல்பம் அதுதான். அதற்கப்புறம் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். பொன்னேரியில் கல்லூரி படித்தபோது காட்டூர்ப் பெண் வித்யா பஸ்ஸில் ஒரு காதுக்கான இயர்போனை இவளிடம் நீட்டினாள். அன்று பிடித்தது. சினிமாப் பாட்டு மாதிரி யாரும் அதில் அழகாகப் பாட முயலவில்லை. மூன்றாவது பாட்டில் டிரம் அடிப்பவர் ஓர் இடத்தில் தடுமாறி, பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்வார். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அந்தத் தடுமாற்றத்துக்காகவே சுபஸ்ரீ அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மறு வருஷம் அவள் தம்பி பூவரசன் இறந்தான். பத்தொன்பது வயது. முகத்துவாரத்தில் அலை தூக்கியடித்து பைபர் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். இவன் மறுநாள்தான் கிடைத்தான்.

அன்று காலை ஆறு மணிக்கு, படகு ஏறுமுன் அவன் அக்காவுக்கு போன் அடித்திருந்தான். இரண்டு முறை. சுபஸ்ரீ அந்த வருஷம் கல்லூரி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள், அன்று பரீட்சை. சும்மா வம்பளக்கத்தான் அடிக்கிறான் என்று எடுக்கவில்லை. அவன் போன் அவனோடே தண்ணீரில் போய்விட்டது. அதனால் இது வேறு யாருக்கும் தெரியாது. அம்மா செல்வம்மாள் அன்று விடியுமுன்பே மீன் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தாள். "ஒருத்தராண்டயும் ஒரு வார்த்த சொல்லாம பூட்டானே" என்று ஒன்பது வருஷமாக அவள் சொல்லும்போதெல்லாம் மகள் தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்தச் சாவுக்குப் பின்தான் ஆறாவது பாட்டு அவளுக்குப் பிடிபட்டது. ஆறு நிமிஷப் பாட்டு. கிடாரில் இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலித்துக்கொண்டிருக்கும். மூன்றரை நிமிஷத்துக்கு யாரும் பாடமாட்டார்கள். பிறகு குழுவின் பாடகர் இளங்கோவன் நாலு வரி பாடுவார். யாரை இழந்தார் என்று சொல்லமாட்டார். சொல்லாததால்தான் அதில் தன்னை வைத்துக்கொள்ள அவளுக்கு இடமிருந்தது.

ஆல்பம் வந்து பத்து வருஷம் ஆனபோது, ரசிகர்களின் இணையப் பக்கம் ஒன்றில் அவள் நீளமாக ஒரு கட்டுரை எழுதினாள். ஒன்பது பாட்டைப் பற்றியும் எழுதினாள். ஆறாவதற்கு வந்தபோது கை நிற்கவில்லை. 'அந்த கிடார் எனக்கு எடுக்கப்படாத போன். மூன்றரை நிமிஷமும் என் தம்பி அடித்துக்கொண்டே இருக்கிறான்' என்று எழுதி, அந்தக் காலையையும் எழுதிவிட்டாள். ஊரில் யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

இரண்டு நாளில் இளங்கோவனே செய்தி அனுப்பினார். 'இந்தப் பாட்டை உங்களை மாதிரி யாரும் கேட்டதில்லை.' சுபஸ்ரீ 'நன்றி அண்ணா' என்று பதில் போட்டாள். பிறகு சில வாரம் பேசிக்கொண்டார்கள். பூவரசன் எப்படி இருப்பான், எப்படிச் சிரிப்பான் என்றெல்லாம் அவர் கேட்டார். அவளும் சொன்னாள். குழு மறுபடி சேர்ந்து சென்னையில் கச்சேரி வைத்தபோது இரண்டு டிக்கெட்டும் அனுப்பினார். வித்யாவோடு போனாள்.

அரங்கம் நிரம்பியிருந்தது. ஐந்து பாட்டு முடிந்ததும் இளங்கோவன் மைக்கைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பாட்டு எப்படி வந்ததுன்னு இதுவரைக்கும் நான் சொன்னதில்ல. எனக்கு ஒரு தம்பி இருந்தான். பூவரசன்னு பேரு. பழவேற்காட்டுப் பக்கம் கடல்ல போயிட்டான். அன்னைக்குக் காலைல எனக்கு ரெண்டு தடவ போன் பண்ணான். நான் எடுக்கல. நீங்க கேக்கப்போற கிடார், அந்த போன்."

பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வித்யா சுபஸ்ரீயின் கையை இறுகப் பிடித்தாள். பாட்டு தொடங்கியது. சுபஸ்ரீயின் காதில் ஒன்றும் விழவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனார்கள். இளங்கோவன் சிரித்துக்கொண்டே வந்தார். "சுபா! வந்துட்டீங்களா?"

"அவன் உங்க தம்பி இல்ல" என்றாள்.

"மேடையில அப்படித்தாம்மா சொல்லணும். ஜனங்களுக்கு நேரா போய்ச் சேரும்."

"பாட்டு வந்தப்போ அவன் உயிரோட இருந்தான். என்னாண்ட பேசினு இருந்தான்."

"நீங்க என்னை அண்ணான்னுதானே கூப்பிடுறீங்க? அப்ப அவன் எனக்கும் தம்பிதானே."

யாரோ செல்பி எடுக்க அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். ரயிலில் வரும்போது வித்யாதான் திட்டிக்கொண்டே வந்தாள்.

அந்தப் பேச்சு வீடியோவாக வந்தது. ஒரே வாரத்தில் ஊருக்குள்ளும் வந்துவிட்டது. மீன் ஏலம் போடுமிடத்தில் ஒருவன் அவள் அப்பா அங்கமுத்துவிடம், "இன்னா மாமா, பட்டணத்துல ஒரு புள்ள கீறானாமே?" என்று கேட்டு, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் நண்டுக் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார். "ஏன் நைனா?" என்று கேட்ட மகளுக்கு முகம் கொடுக்கவில்லை.

செல்வம்மாள் பக்கத்து வீட்டு போனில் வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தாள். யார் இவன் என்று அவள் கேட்கவில்லை.

"அவன் போன் அடிச்சானா?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒனக்கா?"

"எனக்குத்தான். ரெண்டு வாட்டி."

"ஒன்பது வருஷமா கம்முனு இருந்துட்டு, எவனோ பாட்டுக்காரனாண்ட போய் சொல்லிக்கீற. பெத்தவ நான் இங்கயே குந்திக்கீறேன்."

"யம்மா..."

"எதுக்கு அடிச்சான்னாவது யோசிச்சிக்கினு இருந்திருப்பேனே. அவன் ஒரு வார்த்த பேச நெனச்சான்னாவது எனக்கு இருந்திருக்குமே."

அன்றிலிருந்து பதினோரு நாள் அவள் மகளோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைப்பாள்.

சுபஸ்ரீ வீடியோவின் கீழே தன் பெயரிலேயே எழுதினாள்: 'பூவரசன், அங்கமுத்து மகன். என் தம்பி. போனை எடுக்காதவள் நான்.' விளம்பரத்துக்கு அலைகிறாள் என்று நூறு பேர் ஏசினார்கள். வித்யா பழைய கட்டுரையைத் தேதியோடு படமெடுத்துப் போட்ட பிறகுதான் சிலர் நம்பினார்கள். ஒரு மாதம் கழித்து வீடியோ காணாமல் போனது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. இளங்கோவனிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது: 'இப்ப சந்தோஷமா?'

போன மாசம் ஒரு மத்தியானம் செல்வம்மாள் காலிக் கூடையோடு கடைக்கு வந்தாள்.

"அந்தப் பாட்டப் போடு."

"வேணாம்மா."

"போடு."

கச்சேரிக்குப் பிறகு சுபஸ்ரீ அந்த ஆறாவது பாட்டைத் தொட்டதில்லை. போட்டாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, முழுசாகக் கேட்டாள்.

"எங்கடி அடிக்குது போனு?"

சுபஸ்ரீயும் கேட்டுப் பார்த்தாள். விரல் கம்பியில் உரசுவது கேட்டது. ஒரு மனிதன் அறைக்குள் உட்கார்ந்து கிடார் வாசிப்பது கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"முன்னாடி கேட்டுச்சும்மா" என்றாள்.

செல்வம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். ஆதார் அட்டையைக் கையில் பிடித்தபடி இரண்டு பேர் வெளியே காத்திருந்தார்கள்.