இன்காப் பாதையில் மாமாவின் முப்பத்தொன்று

போன கிழமை ஓர் இளம் தம்பதி கிளென் ஈடனில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பெரு நாட்டில் நான்கு நாள் மலை ஏறி மச்சு பிச்சு பார்க்கப் போகிறார்களாம், விபரம் வேண்டுமாம். வேறு யாரிடம் கேட்பது? ஆக்லாந்துத் தமிழரில் இன்காப் பாதையில் முதலில் கால் வைத்தவன் நான்தான். மறுக்கிறவர் யாரும் இருந்தால் பாஸ்போட்டோடு வரட்டும். அவர்களுக்கு வாயால் சொல்லும்போது பாதியை விட்டுவிட்டேன். அந்தப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் போனது தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூன் மாதம். நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பி நேசனும். ஆசை அவனுடையது. ஆல்பனியில் கட்டடப் படம் வரைகிற வேலை அவனுக்கு. சாந்தே இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திய சுவர்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு நியூ லின்னில் மர ஆலையில் வேலை. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனால் கால் பலத்தில் என்னை வெல்ல ஆள் இல்லை. ஆறு மாதம் ஞாயிறுதோறும் வைட்டாக்கரே மலையில் முதுகில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு ஏறி இறங்கினோம். நான் இரண்டு பை.

விமானம் மாலை ஆறரைக்கு. அன்று காலை கொழும்பிலிருந்து என் வீட்டுக்குப் போன் வந்தது. சாவகச்சேரியில் என் மாமனார் காலமாகி அன்றைக்கு இருபத்துமூன்றாம் நாள். சண்டை நடந்த அந்த நாளில் யாழ்ப்பாணத்துச் செய்தி அப்படித்தான் வந்து சேரும், யாராவது கொழும்புக்கு வந்தால்தான் உண்டு. கொள்ளியை அயலட்டைப் பிள்ளை ஒருவன் வைத்தானாம். மாமாவுக்கு ஒரே மகன் நேசன்.

மனைவி அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இப்ப அவனுக்குச் சொல்லாதேங்கோ. ஊருக்குப் போகவும் ஏலாது, எல்லாம் முடிஞ்சுது. மலையால இறங்கினாப் பிறகு பக்குவமாச் சொல்லுங்கோ. உங்கட வாயைக் கொஞ்சம் பூட்டி வையுங்கோ, கடவுளாணை."

நான் தலையாட்டினேன்.

ஆக்லாந்திலிருந்து புவனஸ் அயர்ஸ் பன்னிரண்டு மணி நேரம். அங்கே ஓர் இரவு, பிறகு லிமா, பிறகு குஸ்கோ. விமானச்சீட்டு ஆளுக்கு இரண்டாயிரத்து முந்நூறு டொலர். ஆகாயத்தில் சாப்பாட்டுத் தட்டு வந்தது. நேசன் கோழியை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு விரல் மடித்து எண்ணினேன். முப்பத்தோராம் நாள், நடையின் மூன்றாம் நாளில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் முப்பத்தொன்றில்தான் அந்தியேட்டி. மகன் எள்ளும் தண்ணியும் இறைத்தால்தான் போன உயிர் ஆறும் என்பார்கள். கொள்ளிதான் தப்பிவிட்டது, இதாவது அவனுக்குக் கிடைக்கவேண்டும். மனைவி அழுத அழுகையில் நாளை எண்ணவில்லை. எண்ணியவன் நான்.

குஸ்கோ மூவாயிரத்து நானூறு மீற்றர் உயரம். முதல் இரண்டு நாளும் நேசன் தலையிடியோடு சத்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, கொக்கா இலைத் தேநீர் பதினாறு கோப்பை குடித்தேன். மூன்றாம் நாள் அவன் தெளிந்து எழும்பினான். "அத்தான், இனி என்னைப் பிணமாத் தூக்கிக்கொண்டு போனாலும் வருவன்" என்றான். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் திரும்பிவிடுவான். அவன் திரும்பினால் நானும் திரும்பவேண்டும். எனக்கும் மலையைப் பார்க்க ஆசையாக இருந்தது. மனைவி சொன்ன சொல்லுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன்.

வழிகாட்டி, சமையல்காரர், சுமைகாரர், கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்குத் தொண்ணூறு அமெரிக்க டொலர். எங்களோடு மூன்று அவுஸ்திரேலியர்கள். வழிகாட்டியின் பெயர் ஹூலியோ. முதல் நாள் ரயில் பாதையின் எண்பத்திரண்டாம் கிலோமீற்றரில் இறங்கிப் பன்னிரண்டு கிலோமீற்றர் நடை, ஆற்றோரமாக, சுகம். நான் முன்னால் ஓடினேன். இப்படி நடக்கிறவனை இன்கா அரசன்கூடக் கண்டிருக்க மாட்டான் என்று ஹூலியோ சொன்னான். ஆங்கிலத்தில்தான் சொன்னான், எனக்கு விளங்கியது அப்படித்தான்.

இரண்டாம் நாள் என் கொழுப்பு அடங்கியது. நாலாயிரத்து இருநூற்றுப் பதினைந்து மீற்றரில் ஒரு கணவாய். அதன் பெயருக்குச் செத்த பெண் என்று அர்த்தமாம். பத்து அடிக்கு ஒரு தரம் நின்றோம். உச்சியில் நேசன் கல்லில் குந்திச் சிரித்தான்.

"ஐயா இப்ப என்னைப் பாத்தா என்ன சொல்லுவார் தெரியுமோ? 'கோயில் மூண்டு தரம் சுத்த மாட்டாய், உதில ஏறி என்னடா விசர் வேலை' எண்டு."

நான் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

மூன்றாம் நாள் பதினாறு கிலோமீற்றர். காலையில் எழும்பியதும் சமையல்காரரிடம் போய், எங்கள் இருவருக்கும் இன்றைக்கு இறைச்சி, முட்டை ஒன்றும் வேண்டாம் என்று கையாலும் வாயாலும் சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் அவுஸ்திரேலியர்களுக்குக் கோழி, எங்களுக்குச் சோறும் பூசணிக்காயும்.

"என்ன அத்தான் இது?"

"விரதம்."

"இண்டைக்கு என்ன விரதம்? வெள்ளியும் இல்லை, செவ்வாயும் இல்லை."

"இன்காக்காரருக்கு இண்டைக்குத்தான் வெள்ளி. வாயை மூடிக்கொண்டு தின்னடா."

சிரித்துக்கொண்டே தின்றான்.

மாலை நான்கு மணிக்குக் கடைசி முகாம். பக்கத்திலேயே விஞ்ஞாய் வைனா என்ற இடிபாடு. மலைச்சரிவில் படி படியாகக் கல் தொட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. நேசன் அவுஸ்திரேலியர்களோடு கூடாரத்துக்குள் சீட்டுக்கட்டை விரித்துக் காட்ஸ் விளையாட இருந்துவிட்டான். கூப்பிட்டுச் சொல்ல அது கடைசித் தருணம். கூடார வாசல்வரைக்கும் போனேன். உள்ளே அவன் சிரிப்புக் கேட்டது. திரும்பிவிட்டேன்.

சமையல்காரரிடம் ஒரு பிடி சோறு வாங்கினேன். எள்ளுக்கு எங்கே போவது? குஸ்கோவில் வாங்கிய பாண் ரொட்டியின் மேல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். கறுப்பு எள்ளு இல்லை, வெள்ளைதான். தொட்டித் தண்ணீரில் குளித்தேன், பனிக்கட்டிக் குளிர். மந்திரம் தெரியாது. மாமாவின் பெயரை மூன்று தரம் சொல்லி எள்ளும் தண்ணியும் இறைத்துச் சோற்று உருண்டையை ஓடுகிற தண்ணீரில் விட்டேன். ஒரு மருமகன் இதைச் செய்யலாமா என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கூடாரத்தில் மகன் இருக்கும்போது செய்யக்கூடாது என்பது தெரியும்.

நான்காம் நாள் விடியமுன் புறப்பட்டு ஆறரை மணிக்குச் சூரிய வாசலுக்கு வந்தோம். முதலில் ஒரே பனிப்புகார். பிறகு அது பிரிந்தது. கீழே முழு நகரமும் கூரையில்லாமல் கிடந்தது. வெயில் ஒவ்வொரு வீடாக நுழைந்தது. நேசன் தன் கமராவை என் கையில் தந்தான்.

"அத்தான், என்னைத் தனிய ஒண்டு எடுங்கோ. பின்னால எல்லாம் தெரியவேணும். ஐயாவுக்கு அனுப்பவேணும், ஆள் நம்பாது."

கமராவைக் கண்ணில் வைத்தேன். உள்ளே அவன் சின்னதாக, தலைமயிரைக் கையால் வாரிக்கொண்டு நின்றான். பொத்தானை அமத்த முடியவில்லை. கமராவை இறக்கினேன்.

"நேசன், மாமா இல்லையடா."

அவன் அழவில்லை. "எப்ப?" என்றான். திகதியைச் சொன்னேன். விரல் வரைகளில் எண்ணினான், நான் விமானத்தில் எண்ணியதுபோலவே.

"அப்ப நேற்றெல்லோ முப்பத்தொண்டு."

"ஓம்."

"அதுக்கோ மரக்கறி தந்தனீங்கள்?"

"ஓம்." ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து மிச்சத்தையும் சொன்னேன். "நீ யோசியாதை. நான் எல்லாம் முறைப்படி செய்தனான். சோறு வைச்சு, எள்ளும் தண்ணியும் இறைச்சு, ஒரு குறையும் இல்லை."

"நீங்களோ செய்தனீங்கள்? நான் எங்க இருந்தனான்?"

நான் கமராவின் மூடியைப் பூட்டினேன்.

"காட்ஸ் விளையாடினனான், அத்தான்" என்றான். "வெண்டனான்."

அவன் அதற்குமேல் நடக்கவில்லை. நகரத்துக்கு முதுகு காட்டிச் சூரிய வாசல் கல்லில் இருந்துவிட்டான். ஒரு சுமைகாரர் அவன் பக்கத்தில் துணைக்கு இருந்தார். நான் ஹூலியோவோடு கீழே போய் இரண்டரை மணி நேரம் சுற்றிப் பார்த்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். போய்ப் பார்த்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நகம்கூட நுழையவில்லை. அவன் தொட ஆசைப்பட்ட சுவரை நான் தொட்டேன்.

மத்தியானம் சுமைகாரரோடு அடிவாரத்துக்கு இறங்கி வந்ததும் நேசன் ஊருபம்பா ஆற்றில் முழுகினான். துவாயை நீட்டிக்கொண்டு போனேன். "நீங்கள் அங்கால நில்லுங்கோ" என்றான். கற்களுக்கு நடுவில் குனிந்து, தண்ணீரையே கண்ணாடியாக வைத்து மீசையை மழித்தான். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டான். ஒரு நாள் பிந்திவிட்டது.

இனிப் போகிறவர்களுக்கு. இப்போது அனுமதிச் சீட்டைப் பல மாதம் முந்தியே எடுக்கவேண்டுமாம். குஸ்கோவில் மூன்று நாளாவது தங்கி உடம்பைப் பழக்குங்கள். சப்பாத்தை இங்கேயே போட்டு நடந்து மென்மையாக்குங்கள். இரவில் தண்ணீர் உறையும், கனத்த உறக்கப்பை வேண்டும். சுமைகாரருக்குக் கைநிறையக் கொடுங்கள். வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தால், கூட வருகிறவருக்கு விமானம் ஏறுமுன்னே சொல்லிவிடுங்கள். அவர் போகாமல் நின்றால் நிற்கட்டும். தனியே போக மனமில்லாவிட்டால் நீங்களும் நில்லுங்கள்.

நேசனுக்கு என்னோடு கோபமில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவான், என் முழங்கால் நோவுக்கு மருந்து வாங்கி வருவான். வருடாவருடம் மாமாவின் திவசமும் அவன் வீட்டில்தான். ஐயர் வந்து எள்ளை எடுத்து வைத்ததும், உதவிக்குச் செம்பைத் தூக்கலாம் என்று நான் எழும்புவேன்.

"அத்தான், நீங்கள் இருங்கோ" என்பான், நல்ல மரியாதையாக.

இருப்பேன்.