கடலைப் பார்த்து நின்ற கார்

2003இல் நானும் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்திருந்தோம். ஊர் திரும்பும் நாள் மாலை, மைத்துனரின் காரைப் பிள்ளைச்சாவடிக் கடற்கரை மணலில் புதைத்துவிட்டேன். இரவு சென்னையில் விமானம். அலை டயரை நெருங்கிக்கொண்டிருந்தது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் வந்தார். ஒல்லியான மனிதர், பேசும்போதும் கடலையே பார்த்தார்.

"நீ எறங்கு சார், வெயிட்டு. அம்மா ஓட்டட்டும்."

டயர்களில் பாதிக் காற்றை இறக்கி, பழைய வலையை அடியில் திணித்தார். மனைவி ஓட்ட, இருவரும் தள்ளினோம். கார் மேலேறியது.

"வண்டிய யாராச்சும் கடலப் பாத்து வுடுவாங்களா? அதுக்கு படகு இருக்குது. போற பக்கம் மூஞ்ச வெச்சி நிறுத்து சார்."

வழியில் டயர்களுக்குக் காற்றடித்துக்கொண்டு போய் விமானத்தைப் பிடித்துவிட்டோம். இன்றும் எங்கு போனாலும் காரைத் திருப்பித்தான் நிறுத்துகிறேன். அவர் முகம் மட்டும் பக்கவாட்டில்தான் நினைவிருக்கிறது. விடைபெற்றபோதும் அவர் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.