பரவால்லீங்க மாரப்பன்

கருமத்தம்பட்டியில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் மாரப்பனுக்கு ஐம்பத்து நாலு வயது. இத்தனை வருஷத்தில் இங்கே வலிக்கிறது, இது எனக்கு வேண்டாம் என்று அவர் யாரிடமும் வாய் திறந்து சொன்னதே இல்லை. முடி வெட்டுகிறவர் காது மடலைக் கீறிவிட்டபோது, "பரவால்லீங்க, அது சும்மாதானுங்க இருக்குது" என்றார். பல் டாக்டர் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியபோது, அந்த மனுஷன் சங்கடப்படக் கூடாதே என்று, "அதுவும் ஆடிட்டுத்தானுங்க இருந்துச்சு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். ஊரில் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். வீட்டில் அவர் மனைவி பழனியாத்தாள் வைத்திருந்த பெயர் வேறு. அதை இங்கே எழுத முடியாது.

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப்படியில் பாதி ஏறியவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

"சித்த காத்து வாங்குறேன் புள்ள" என்றார், கூட ஏறிய மனைவியிடம். அந்தப் படிக்கட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

பழனியாத்தாள் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டாள்.

ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஒரு காகிதம் நீட்டினார்கள். நடக்கும்போது உயிருக்கு ஏதாவது ஆனால் எங்களைக் கேட்கக் கூடாது என்பதை ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுதியிருந்தார்கள். மாரப்பன் அதை இரண்டு தடவை படித்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு, "பேனா நல்லா எழுதுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

சட்டையைக் கழற்றி, நெஞ்சு முடியைத் திட்டுத் திட்டாய் மழித்து, பத்து ஒயர்களை ஒட்டினார்கள். டெஸ்ட் எடுக்கும் பெண் லாஸ்யாவுக்கு அவர் மகள் கிருபாவின் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், நெஞ்சு வலிச்சாலோ மூச்சு முட்டினாலோ உடனே சொல்லிப்போடணுங்க."

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரும் திரும்பினார். "மிஷின் பாதிதான் சொல்லும். மீதிய நீங்கதான் சொல்லோணும்."

"சரிங்க" என்றார் மாரப்பன். பாவம், சரிங்க என்பதைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்?

ட்ரெட்மில்லின் பட்டை ஓடத் தொடங்கியது. பயத்தில் ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது.

"அம்மணி, சாப்டீங்களா?"

"இல்லீங்க அங்கிள். உங்களோடது முடிஞ்சதும் போகோணும்."

கேட்டிருக்கவே கூடாது. மூன்று நிமிஷம் கழித்துப் பட்டை மேடேறியது. யாரோ மூட்டையைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்ததுபோல் இருந்தது. இப்போது சொன்னால் எல்லோரும் பதறுவார்கள், இந்தப் பிள்ளையின் சோறு ஆறிப்போகும் என்று நினைத்தார். தன் உயிர் போகும் என்ற நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது.

"எப்படி இருக்குதுங்க அங்கிள்?"

"நல்லா இருக்குதுங்க." டயரில் காற்று இறங்குவதுபோல் குரல் வந்தது.

"வலி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "கோடு ஒண்ணு சொல்லுது, இவரு ஒண்ணு சொல்றாரு. நல்லாக் கேளும்மா."

திரைச்சீலைக்கு வெளியிலிருந்து பழனியாத்தாள் சத்தம் போட்டாள். "அம்மணி, அவரு பேச்ச நம்பாதீங்க! கால் மேல வேன் ஏறினப்பவும் நல்லா இருக்குதுன்னுதான் சொன்னாரு!"

லாஸ்யா அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "அங்கிள், நீங்க சொல்றதத்தான் நான் ரிப்போர்ட்ல எழுதோணும். தப்பா எழுதினா திட்டு எனக்குத்தானுங்க."

மாரப்பன் ஆடிப்போய்விட்டார். தன்னால் ஒரு பிள்ளை திட்டு வாங்குவதா?

"அய்யோ, அப்ப எழுதிக்குங்க அம்மணி. பட்டை மேடேறுனதுல இருந்தே நெஞ்ச அமுத்துதுங்க. இடது கையும் இழுக்குதுங்க. உங்களுக்குத் தொந்தரவு குடுத்துப்போட்டேன்."

பட்டை நின்றது. படுக்க வைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள். வலி மெல்ல இறங்கியது. பழனியாத்தாளை உள்ளே கூப்பிட்டுவிட்டு டாக்டர் கேட்டார்.

"இந்த மாதிரி முன்னாடி வந்திருக்குதுங்களா?"

மாரப்பன் கூரையைப் பார்த்தார். "தை மாசத்துல இருந்துங்க."

இது ஆவணி.

"எட்டு மாசமா!" என்றாள் பழனியாத்தாள். "எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"கிருபா கல்யாணப் பேச்சு நடந்துச்சு புள்ள. அப்பறம் ஸ்கூல் தொறந்துட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறம்... மழ புடிச்சுக்கிச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

"நாளைக்கே ஆஞ்சியோ பண்ணிப் பாத்தரலாம். உங்களுக்குச் சரிங்களா?" என்றார் டாக்டர்.

மாரப்பனின் வாய் பழக்கத்தில் திறந்தது. பாதியில் நின்றது. மனைவியைப் பார்த்தார்.

"பயமா இருக்குதுங்க" என்றார். "கை வழியா நெஞ்சு வரைக்கும் கம்பி உடுவாங்களாமுங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்குதுங்க."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தில் படம் வரைந்து காட்டத் தொடங்கினார். பழனியாத்தாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் என்னென்ன பயமோ அத்தனையும் கேளுங்க" என்றாள். "நானும் கேட்டுக்கறேன்."