முன்சக்கரம் இறங்கவில்லை

போன மாதம் மஞ்சள்காமாலையில் போய்விட்ட என் அண்ணன் திருமூர்த்தி வேகமாக வண்டி ஓட்டியவன் அல்ல. அவனுடைய எம்80 வண்டி அதற்கு விடாது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர்ச் சங்கத்துப் பாலை நாற்பது லிட்டர் கேன்களில் டவுனுக்குக் கொண்டுபோவான். காலை நடையில் கேன்களுக்கு முன்னால் இடுக்கிக்கொண்டு தங்கை நானும் கல்லூரிக்குப் போவேன்.

தொண்ணூற்றைந்தில் கோயமுத்தூர் போனவன், பையன்கள் யமஹாவில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டியதைப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாளிலிருந்து களத்தில் அதே வேலை. வண்டி உறுமும், புகை கக்கும், நாலு விரல்கடை எழும்பி விழும். சங்கத்தில் பால் அளக்கும் ரசாக் அண்ணன் பார்த்துவிட்டு, "மாட்டைக்கூட முன்னங்கால் தூக்க வெச்சுப்போடலாமுங்க மாப்ளே, இதைத் தூக்க முடியாது" என்றார்.

வாய்க்கால் மேடேறும்போது மட்டும் முன்பக்கம் ஏன் லேசாகிறது என்று அண்ணன் என்னிடம் கேட்டான். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். பாரம் பின்சக்கரத்துக்குப் பின்னால் விழுகிறது, அதனால்தான் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கவாட்டில் தொங்கும் இரண்டு கேன்களையும் கேரியரின் கடைசியில் சேர்த்துக் கட்டினான். பாலுக்குப் பதில் தண்ணீர், விளிம்புவரை. மேட்டின் உச்சியில் என்னை நிறுத்திவிட்டுக் கீழிருந்து வந்தான். மேட்டுக்கு அப்பால் சிமெண்ட் பூசிய வாய்க்கால்; பாதை கரையோடு திரும்பிப் பாலத்துக்குப் போகும். அணையில் முறைவைத்துத் திறந்த தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சரிவில் முன்சக்கரம் எழும்பியது. ஒரு முழம். அண்ணன் சிரித்தான். பிறகு இரண்டு முழம். சிரிப்பு நின்றுவிட்டது. சக்கரம் இறங்கவில்லை.

பின்னால் சரிகிறவன் கைப்பிடியில் தொங்குவான். தொங்கத் தொங்க ஆக்ஸிலேட்டர் இன்னும் திருகும். அதை நான் யோசிக்கவே இல்லை. அந்தரத்தில் நின்ற சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பியும் பயனில்லை. வண்டி உச்சியைத் தாண்டி வாய்க்காலைப் பார்த்தே போனது. அவனுக்கு நீச்சல் தெரியாது.

"கையை உட்டுப்போடுங்ண்ணா!"

விடவில்லை. வண்டிமேல் இருந்த ஆசையா, பயத்தில் விரல் இறுகியதா, தெரியாது. ஓடிப்போய்ச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாந்து விழுந்தோம். வண்டி எங்கள் காலருகே குப்புறக் கவிழ்ந்தது. ஒரு கேன் மட்டும் கட்டை அறுத்துக்கொண்டு உருண்டு வாய்க்காலில் விழுந்தது. தண்ணீர் அதைச் சுழற்றி இழுத்து, பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் முட்டிய சத்தம் கேட்டது.

அண்ணன் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்ததை அவன் கவனிக்கவில்லை.

"அய்யன்கிட்டச் சொல்லிப்போடாத அம்மணி" என்றான். அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை பாலோடு மேட்டடிக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கினான். நானும் இறங்கினேன். அதன்பிறகு மூன்று வருஷம், பாரம் இருந்தால் அந்த மேட்டை அவன் ஓட்டி ஏறியதில்லை. பொண்டாட்டியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி வண்டியைக் கூட்டிப்போகிறான் என்று சங்கத்தில் சிரித்தார்கள். ஏன் என்று ரசாக் அண்ணன் ஒருநாள் கேட்டதற்கு, "இஞ்சின் இழுக்கறதில்லீங்க" என்றான்.

இஞ்சின் நன்றாகத்தான் இழுத்தது. மறுநாளும் அந்த மேட்டில் நான் கேனில் கை வைத்துத் தள்ளினேன்.