பேர் போடாத கிட்டார்க்காரரைத் தேடிப் பல்லேபொல வரை

காலை பத்தரைக்கு மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கினேன். கொழும்பிலிருந்து நூற்றைம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம். அவ்வளவு தூரமும் மடியில் ஒரு நீளப் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தேன். மேலே தட்டில் வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் முடியாது என்றேன். "அப்ப அதுக்கும் டிக்கட் எடுங்க" என்றார். எடுத்தேன். வாதாடி ஜெயிக்கிற வயதைத் தாண்டிவிட்டேன்.

பெட்டிக்குள் இருந்தது ஸ்டீல் கிட்டார். மடியில் கிடத்தி, இடது கையால் ஒரு இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கவிட்டு, வலது கையால் மீட்டுவது. எழுபதுகளில் கொழும்பில் ஆங்கில கன்ட்ரி பாட்டுகளைப் பாடி இசைத்தட்டுப் போட்டவர்கள் பலர். தட்டில் பாடியவர் பெயர் இருக்கும். கேட்பவரைக் கலங்க வைத்த கிட்டார்க்காரரின் பெயர் இருக்காது. நானும் இரண்டு நண்பர்களுமாக அந்தத் தட்டுகளை மறுபடி வெளியிட்டு வருகிறோம். வாசித்தவர் யாரென்று கண்டுபிடித்துப் பேர் போடுவது என் பங்கு. வேலையற்ற வேலை என்பாள் என் மனைவி. நான் மறுப்பதில்லை.

கேட்டுக் கேட்டுக் கைப்பழக்கத்தைப் பிடிப்பதுதான் வழி. ஒருவர் சுரத்துக்குக் கீழிருந்து ஏறுவார், இன்னொருவர் மேலிருந்து இறங்குவார். ஆள் உயிரோடு இருந்தால் நேரில் கையைப் பார்க்காமல் நான் பேர் போடுவதில்லை.

பல்லேபொலவிலிருந்து லூர்தம்மா என்ற பெண்மணி போன மாதம் தொலைபேசியில் பேசினார். "அந்த ரயில் பாட்டுக்கு வாசிச்சது எங்க வீட்டுக்காரர்தாங்க. இப்ப பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் இல்ல. அவரு கண்ணு பார்க்கிறப்பவே பேர் போட்ருங்க" என்றார். ரயில் பாட்டு என்று அவர் சொன்னது இந்தத் தீவில் கன்ட்ரி பிடித்த எவருக்கும் தெரிந்தது. இன்றைக்கும் சீகிரியா ஹோட்டல்களில் விருந்து நடந்தால் யாராவது பாடிவிடுவார்கள். அதன் கிட்டார்க்காரரை ஆறேழு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

மாத்தளையில் இரண்டு வடையும் பிளேன்டீயும் முடித்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓட்டோ பிடித்தேன். பதினைந்து கிலோமீற்றர் சொச்சம், ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஓட்டுநர் ரிஸ்வான் நாற்பது வயதுக்காரர். லூர்தம்மாவின் வீட்டுக்கு என்றேன்.

"அருளப்பன் அண்ணன் ஊட்டுக்கா? தெரியாம ஈக்குமா? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வந்தா அக்கா போடுறது ரயில் பாட்டுத்தான். ரோட்டுக்கே கேக்கும்."

"அவர் வாசித்ததுதான் அது என்று ஊரில் நம்புகிறார்களா?"

"அக்கா நம்ப வெச்சிட்டாங்க" என்று சிரித்தார்.

மிளகுக் கொடிகளுக்கு நடுவே சின்ன வீடு. அருளப்பன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையை நீட்டி என் கையைப் பிடித்தார். பிடி இரும்பு. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இரும்புத் துண்டைப் பிடிக்கிற கை அதுதானே. மீட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்ளலாம்.

லூர்தம்மா சோறும் பலாக்கொட்டைக் கறியும் போட்டார். சாப்பிடவிட்டால்தானே. "கலியாணத்துக்கு எங்க அண்ணமாரு ஒருத்தனும் சம்மதிக்கல தம்பி. கிட்டார் தட்டுறவனுக்கா பொண்ணு குடுக்கிறதுன்னாங்க. நான் அந்தத் தட்டத்தான் தூக்கிக் காட்டினேன். பேர் எங்கன்னு கேட்டாங்க. இன்னும் கேக்கிறாங்க" என்றார்.

கிட்டாரை அவர் மடியில் கிடத்தினேன். எதிரே முக்காலியில் உட்கார்ந்து, அவசரப்பட்டு ஒரு கம்பியை மீட்டினேன். அருளப்பன் இடது கையால் என் மணிக்கட்டில் தட்டினார். பொறு என்று அர்த்தம். கம்பிகள் மேல் இரும்பை வைத்து, தனக்குச் சரியான இடம் வந்ததும் கண்ணைக் காட்டினார். மீட்டினேன்.

பிறகு கைப்பேசியில் ரயில் பாட்டைப் போட்டேன். லூர்தம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, படம் எடுக்கப்போகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். கிட்டார் வர வேண்டிய இடம் வந்தது. அருளப்பன் இரும்பைத் தட்டையாகக் கம்பிகள் மேல் அழுத்தி, சத்தமே வராமல் செய்துவிட்டார். என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார்.

"கூச்சப்படுறாரு" என்றார் லூர்தம்மா.

அருளப்பன் இரும்பை வைத்துவிட்டு, உள்ளங்கையை மேலே காட்டிப் புறங்கையாகத் திருப்பினார். மறுபடி திருப்பினார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தட்டைத் திருப்பிப் போடு.

மறுபக்கத்தில் ஒரு மழைப் பாட்டு. அதை யாரும் கேட்பதில்லை, நானே இரண்டு தடவைதான் கேட்டிருப்பேன். போட்டேன். பாடகர் வரியை முடித்து வாய் மூடிய பிறகும் கிட்டார் வரவில்லை. அருளப்பனும் அசையவில்லை. இனி வராது என்று நினைக்கிற நேரத்தில் இரும்பு கீழிருந்து ஏறியது. நான் மீட்டினேன். கைப்பேசியிலும் என் எதிரிலும் ஒரே ஏற்றம், கடைசியில் ஒரே நடுக்கம். எத்தனையோ பேரைத் தேடி அலைந்திருக்கிறேன், இப்படி ஒரு பதில் எனக்குக் கிடைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

ஒரே தட்டுக்கு இரண்டு பேர் வாசித்திருக்கிறார்கள், பக்கத்துக்கு ஒருவர். ஒரு தட்டு என்றால் ஒரே கை என்று லூர்தம்மா நினைத்ததில் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லூர்தம்மா நிமிர்ந்திருந்த முதுகைத் தளர்த்திச் சாய்ந்துகொண்டார். "நான் சொல்றப்பல்லாம் சிரிச்சிக்கிட்டு எழும்பிப் போயிருவாரு. பெருமையில போறாருன்னு நெனச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டுக்கும் போட்ருங்க தம்பி. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"அவருக்குத் தெரியும் அக்கா."

எனக்கும் போடத்தான் ஆசையாக இருந்தது. அருளப்பன் லூர்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைப் பாட்டுக்கு மட்டும் பேர் போடுவேன் என்றேன். ரயில் பாட்டுக்காரர் தெரியாதவராகவே இருக்கட்டும்.

நாலு மணிக்குப் பெட்டியைக் கட்டினேன். கொழும்பில் என் அலமாரி நிறையத் தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். ஊர் போய் எத்தனையைத் திருப்பிப் போட வேண்டியிருக்குமோ என்று யோசித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே லூர்தம்மா தங்கள் வீட்டுத் தட்டை உறையிலிருந்து எடுத்தார். ரயில் பாட்டுப் பக்கம் ஊசி ஓடி ஓடிச் சாம்பல் நிறமாகியிருந்தது. மறுபக்கம் வாங்கிய அன்று போலக் கறுப்பாக மின்னியது. அதை மேலே வைத்து ஊசியை இறக்கினார்.

"எந்த எடத்துல வருவீங்க?" என்று புருஷனைக் கேட்டார்.

அவர் இடது கையை உயர்த்திப் பொறு என்றார். பாடகர் முதல் வரியை முடித்தார்.

"இப்பவா?"

இல்லை என்று தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, கையை மெதுவாக இறக்கினார்.