அத்தையின் மடியில் துரையின் மண்டையோடு

பிள்ளைகளே, உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் நியாண்டர்தால் மனிதனின் மண்டையோடு படமாக இருக்கிறது, இல்லையா? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது ஒரு நாள் ஒப்பாரியே வாங்கியது. நிஜமானதல்ல, பார்த்துப் படிக்கவும் அலமாரியில் வைக்கவும் பிளாஸ்டரில் வார்த்த நகல். எங்கள் துரைக்கு அப்படிப்பட்ட சாமான்களில் ஆசை.

தபால் சுமக்கும் சித்தப்பா அது இருந்த பெட்டியை ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலையில் தூக்கி வந்தார். உடைந்தால் பத்துச்சீட்டு, தோட்டத்தைவிட்டே போகவேண்டியதுதான் என்று துரை சொல்லியிருந்தார். மழையில் சித்தப்பா சறுக்கினார். பெட்டி பிளந்தது. மண்டையோடு தேயிலைச் சரிவில் உருண்டு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது.

சில வருஷங்களுக்கு முன் அதே சரிவில்தான் மண் சரிந்து அத்தையின் புருஷன் போனார். உடல் கிடைக்கவில்லை. சேறு அப்பிய தலையைக் கண்டதும் அத்தை கூடையை இறக்கிவிட்டு அதை மடியில் வாரிக்கொண்டாள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து அதைக் கழுவ மஞ்சள் தண்ணீர் வந்தது. பிறை போன்ற நெற்றி என்று பாடினாள்; அதற்கோ நெற்றியே கிடையாது, புருவம் மட்டும் வாசற்படி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. முகவாயும் இல்லை. மற்றப் பெண்கள் அதைக் கவனித்தும், செத்தவரைக் குறை சொல்லக்கூடாதென்று கூடவே அழுதார்கள். எங்களில் மனைவி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். அன்று அத்தை மாமாவின் பேரை வாய்விட்டுக் கூப்பிட்டாள். ஓடிவந்து நின்ற பிள்ளைகள் நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

சித்தப்பா நொண்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"அக்கா, குடுத்துரு. இது தொரையோட சாமான். பிளாஸ்டரு."

"பிளாஸ்டருக்குப் பல்லு எதுக்குடா?"

சித்தப்பாவும் அழத் தொடங்கினார், அது வேலை போய்விடுமே என்று. அத்தை தேய்க்கத் தேய்க்க, காதோரம் மாவு மாதிரி வெள்ளையாகக் கரைந்து கையில் ஒட்டியது. கையைப் பார்த்தாள்.

"கொண்டு போடா. இன்னும் தேச்சா கரைஞ்சிரும்."

மஞ்சளேறிய மண்டையோட்டைக் கண்ட துரை, பழைய எலும்பு என்றால் இந்த நிறம்தான் என்று மகிழ்ந்து, சித்தப்பாவுக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தார். லயமே சிரித்தது. அத்தை மட்டும் அந்திவரை கானருகே உட்கார்ந்திருந்தாள். அது மாமா இல்லையென்றுதான் தெரிந்துவிட்டதே, இனி என்ன அழுகை என்றுதான் நான் நினைத்தேன்.

பல வருஷம் கழித்து அத்தையை அடக்கம் செய்தோம். எல்லோரும் இறங்கிப் போன பிறகு, அந்த ஈரமண் மேட்டில், அவள் தலைமாட்டில், மாமாவின் பேரை விரலால் எழுதிவிட்டு வந்தேன்.